‘சென்சு லாதோ’ என்ற லத்தீன் தொடருக்குப் பொருள் என்ன? நீலக்கால் நண்டின் பெயருக்குப் பின் அதை எழுதலாமா?

கேள்வி: தொண்டிக் கடலோர ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தொண்டிக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் நான் உயிரியல் கற்பிக்கிறேன். எங்கள் கரையில் வந்திறங்கும் நண்டு, சங்கு, மீன் ஆகியவற்றுக்கு ஊரில் வழங்கும் பெயரையும் அறிவியல் பெயரையும் சேர்த்து எழுதிய பலகைகளை மாணவர்களைக் கொண்டு தயாரித்து வருகிறோம். பிள்ளைகளில் பெரும்பாலோர் கடல் தொழில் செய்யும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள் என்பதால், ஊர்ப் பெயர்களைத் தொகுப்பதற்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. அறிவியல் பெயர்களும் பெரும்பாலும் சிக்கலின்றிக் கிடைத்துவிட்டன. நீலக்கால் நண்டுக்கு வந்தபோதுதான் வேலை நின்றுபோனது.

நான் கல்லூரியில் படித்த காலத்துக் குறிப்பேட்டில் அதன் பெயர் ‘போர்ட்டூனஸ் பெலாஜிகஸ்’ என்று இருக்கிறது. அண்மையில் வாசித்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் பாக் நீரிணை நண்டை ‘போர்ட்டூனஸ் ரெட்டிகுலேட்டஸ்’ என்று குறித்திருக்கிறார்கள். மூன்றாவதாகக் கிடைத்த ஓர் அறிக்கையில் ‘போர்ட்டூனஸ் பெலாஜிகஸ் எஸ்.எல்.’ என்று உள்ளது. அந்த இரண்டு எழுத்துகளும் ‘சென்சு லாதோ’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் என்று அதன் அடிக்குறிப்பு கூறுகிறது. எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் அதற்கு ‘ஐயத்துக்குரியது’ என்று பொருள் என்றார். மற்றொருவர் அது துணைச்சிற்றினத்தின் பெயராக இருக்கும் என்றார். இரண்டுமே எனக்கு மனநிறைவு தரவில்லை.

இந்தத் தொடரின் சரியான பொருள் என்ன, அது அறிவியல் பெயரின் ஒரு பகுதியா அல்லது வெறும் குறிப்பா, தமிழில் அதை எப்படிச் சொல்வது, எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் பலகையில் இம்மூன்றில் எதை எழுதுவது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். பலகையில் ஒரு தவறு ஏறிவிட்டால் அதைப் பல ஆண்டுகளுக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு தயங்குகிறேன்.


பதில் 1: கீழக்கரையிலிருந்து, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ‘சென்சு லாதோ’ என்றால் ‘அகன்ற பொருளில்’ என்று பொருள். அதில் ஐயம் என்ற கருத்து இல்லை; துணைச்சிற்றினத்துக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை.

‘சென்சுஸ்’ என்பது லத்தீனில் உணர்வு, கருத்து, பொருள் எனப் பல பொருள் தரும் பெயர்ச்சொல். ‘லாதுஸ்’ என்றால் அகன்றது. இவ்விரண்டும் வேற்றுமை உருபு ஏற்று ‘சென்சு லாதோ’ என்று நிற்கின்றன. அந்த வேற்றுமையைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவரோடு உரையாடிய நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. லத்தீன் இலக்கணத்தார் அந்த வேற்றுமைக்கு வைத்த பெயர் ‘நீங்கல்’ என்ற பொருளையே தருகிறது. ஆனால் இடம், கருவி, தன்மை ஆகியவற்றையும் அதே வடிவம்தான் உணர்த்துகிறது. நம் ‘இல்’ உருபும் ஐந்தாம் வேற்றுமையில் நீங்கலையும் ஏழாம் வேற்றுமையில் இடத்தையும் உணர்த்துவதை நன்னூல் படித்தவர்கள் அறிவார்கள். ஆகவே ‘அகன்ற பொருளில்’ என்று ‘இல்’ சேர்த்துச் சொல்லும்போது, மூலத்தின் சொற்பொருளோடு அதன் இலக்கண வடிவமும் ஏறத்தாழ அப்படியே தமிழில் வந்து அமர்ந்துவிடுகிறது. ஒலிப்பிலும் அப்படித்தான்: லத்தீனில் அது பல்லொலி என்பதால் ‘லாட்டோ’ என்பதைவிட ‘லாதோ’ என்று எழுதுவதே மூலத்துக்கு நெருக்கமானது.

இதன் இணைச்சொல் ‘சென்சு ஸ்திரிக்தோ’. ‘ஸ்திரிக்துஸ்’ என்பது ‘இறுக்கிக் கட்டப்பட்டது’ என்று பொருள்படும் எச்சம். ‘குறுகிய பொருளில்’ என்று பலரும் மொழிபெயர்க்கிறார்கள். தமிழில் ‘குறுகிய’ என்பதற்குத் தாழ்வான ஒரு சாயல் உண்டு, ‘குறுகிய மனம்’ என்பது போல. எனவே ‘இறுக்கிய பொருளில்’ என்று சொல்வதையே நான் விரும்புகிறேன். வலையின் கயிற்றை இழுத்து வாயைச் சுருக்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எளிதில் விளங்கும்.

இனி, இந்தத் தொடர் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு வருகிறேன். நம் மாவட்டத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து ராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டது. சிவகாசி, விருதுநகர், ராஜபாளையம், சிவகங்கை, காரைக்குடி எல்லாம் அதில் அடங்கியிருந்தன. 1985-ல் அது மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது, ராமநாதபுரம் நகரம் இருந்த பகுதிக்கே பழைய பெயர் நிலைத்தது. மற்ற இரண்டுக்கும் வேறு பெயர்கள் இடப்பட்டன. ஆக, 1970-ஆம் ஆண்டின் ஓர் அரசு ஆவணத்தில் ‘ராமநாதபுரம் மாவட்டத்துத் தீப்பெட்டித் தொழில்’ என்று படித்தால் அது தவறன்று. அந்த ஆவணம் பெயரை அகன்ற பொருளில் ஆள்கிறது. நாம் இன்று இறுக்கிய பொருளில் ஆள்கிறோம். பெயர் ஒன்றேதான், ஆனால் அது சுற்றி வளைக்கும் எல்லை வேறு. எந்த எல்லையை மனத்தில் வைத்துப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமல் இரு காலத்துப் புள்ளிவிவரங்களையும் அருகருகே வைத்தால், மாவட்டத்தின் மக்கள்தொகை திடீரெனச் சரிந்துவிட்டதாக ஒருவர் எண்ணிவிடக்கூடும்.

நண்டுக்கு நேர்ந்ததும் இதுவே. 1758-ல் லின்னேயஸ் ‘கான்சர் பெலாஜிகஸ்’ என்று பெயரிட்ட நண்டு பின்னர் ‘போர்ட்டூனஸ்’ பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதனால்தான் இன்றும் அவர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். செங்கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியுள்ள நண்டு முழுவதும் அந்த ஒரே சிற்றினம் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். 2010-ல் லாய், இங், டேவி ஆகிய மூவரும் உடலமைப்பு, நிறக்கோலம், மரபணு ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்து, இந்த ஒன்றுக்குள் நான்கு சிற்றினங்கள் அடங்கியிருப்பதாக முடிவு செய்தார்கள். தென்கிழக்கு, கிழக்கு ஆசியக் கடல்களில் இருப்பது பெலாஜிகஸ். பாகிஸ்தான், பாரசீக வளைகுடா முதல் கிழக்கு ஆப்பிரிக்கா வரை மேற்கு இந்தியப் பெருங்கடலில் இருப்பதும், செங்கடல் வழியாக மத்தியதரைக் கடலுக்குக் குடியேறியதும் செக்னிஸ். ஆஸ்திரேலியாவைச் சூழ்ந்து நியூ கலிடோனியா வரை இருப்பது ஆர்மாட்டஸ். கிழக்கு இந்தியப் பெருங்கடலில், அதாவது நம் வங்காள விரிகுடாப் பக்கத்தில் இருப்பது ரெட்டிகுலேட்டஸ்.

இம்மூன்று பெயர்களும் அப்போது புதிதாகப் படைக்கப்பட்டவை அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள். செக்னிஸ் என்ற பெயரை ஃபோர்ஸ்கால் 1775-லும், ரெட்டிகுலேட்டஸ் என்பதை ஹெர்ப்ஸ்ட் 1799-லும், ஆர்மாட்டஸ் என்பதை மில்ன்-எட்வர்ட்ஸ் 1861-லும் இட்டுவிட்டார்கள். பெலாஜிகஸ் என்ற அகன்ற பெயருக்குள் ஒடுங்கிக் கிடந்த அந்தப் பழைய பெயர்களே மீண்டும் எழுப்பப்பட்டன. ‘ரெட்டிகுலேட்டஸ்’ என்றால் ‘வலை போன்ற கோலம் உடையது’ என்று பொருள். ‘ரேதே’ என்ற லத்தீன் சொல் வலையைக் குறிக்கும். வலையில் விழுகிற நண்டுக்கு வலையின் பெயரே வாய்த்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. பெலாஜிகஸ் என்பது கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

நான்காகப் பிரித்தபோது பழைய பெயர் ஏன் நமக்குக் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ‘மூலமாதிரி’ எனப்படும் ஒரு குறிப்பிட்ட உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. எல்லையை எவ்வளவு அகட்டினாலும் இறுக்கினாலும், அந்த மூலமாதிரி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே பெயர் செல்லும். ராமநாதபுரம் நகரம் எந்தப் பகுதியில் இருந்ததோ அந்தப் பகுதிக்கே பெயர் போனதைப் போலத்தான் இது.

எழுதும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘எஸ்.எல்.’ என்பது பெயரின் பகுதியாகாது. பெயரை ஆள்பவர் தாம் கருதும் எல்லையை அறிவிக்கும் குறிப்பு மட்டுமே. ஆதலால் பேரின, சிற்றினப் பெயர்களைச் சாய்வெழுத்தில் அச்சிட்டாலும் இதை நேரெழுத்தில் அச்சிடுவதே பரவலான வழக்கம். உங்கள் பலகையைப் பொறுத்தவரை, எந்தச் சிற்றினம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ‘போர்ட்டூனஸ் பெலாஜிகஸ், அகன்ற பொருளில்’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பானது என்பது என் கருத்து.


பதில் 2: பாம்பனிலிருந்து, நண்டு வாங்கி விற்பவர்

டீச்சர் அவர்களுக்கும் மேலே எழுதிய ஐயா அவர்களுக்கும் வணக்கம். நான் பெரிய படிப்பு படித்தவன் அல்லேன். வடகடலிலும் தென்கடலிலும் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் நண்டைப் பல ஆண்டுகளாக வாங்கி அனுப்பி வருகிறேன். ஐயா சொன்ன இந்த அகன்ற பொருளும் இறுக்கிய பொருளும் எங்கள் பேச்சில் ஏற்கெனவே இருப்பதை இன்றுதான் உணர்ந்தேன்.

ஏலம் போடும் இடத்தில் அடைமொழி எதுவும் இல்லாமல் ‘நண்டு என்ன விலை’ என்று கேட்டால், அது பெரும்பாலும் நீலக்கால் நண்டையே குறிக்கும். முக்கண் நண்டு, சிலுவை நண்டு போன்றவற்றுக்கு அவற்றின் பெயரைச் சொல்லித்தான் விலை கேட்பார்கள். அதே நண்டு என்ற சொல்லை வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லும்போது மணலில் ஓடும் சிறு நண்டு வரை எல்லாம் அதில் அடங்கிவிடுகிறது. சங்கு என்ற சொல்லும் அப்படியே. கடையில் பொருள் வாங்க வருகிறவருக்கு யானைமுள்ளியும் ஐவிரல் சங்கும் எல்லாமே சங்குதான். ஆனால் சங்கு குளிக்கப் போகிறவர் ‘இன்று சங்கு இல்லை’ என்று சொன்னால், கோயிலில் ஊதுகிற அந்த ஒரே வகை கிடைக்கவில்லை என்பதுதான் பொருள். மற்ற ஓடுகள் பை நிறைய இருந்தாலும் அவர் அப்படித்தான் சொல்வார். கேட்கிறவர் யார் என்பதை வைத்தே எந்தப் பொருள் என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம். எழுத்தில் அந்த வசதி இல்லாததால்தான் லத்தீனில் தனிக் குறிப்பு போடுகிறார்கள் போலும்.

பலகையில் படம் வைப்பதாக இருந்தால் ஆண், பெண் இரண்டையும் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண் நண்டுதான் நீலமாக இருக்கும். பெண் நண்டு பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். இரண்டும் வேறு வேறு வகை என்று எண்ணிவிடும் வெளியூர்க்காரர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எனக்கு ஓர் ஐயம் உண்டு. நாங்கள் அனுப்பும் சரக்கின் தாள்களில் இன்றும் பெலாஜிகஸ் என்றே எழுதப்படுகிறது. பழைய தாள்கள் எல்லாமும் அப்படியே. அவை பொய்யான தாள்கள் ஆகிவிடுமா?


பதில் 3: மண்டபத்திலிருந்து, ஓட்டுடலிகளின் வகைப்பாட்டைப் படிக்கும் ஆய்வு மாணவர்

மூவருக்கும் வணக்கம். கீழக்கரை ஐயா அவர்களின் விளக்கத்தில் பெரும்பாலானவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். மாவட்ட உவமையை என் நண்பர்களிடம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஆனால் அவருடைய கடைசி வாக்கியத்தோடு மட்டும் மரியாதையுடன் மாறுபட வேண்டியிருக்கிறது.

‘உறுதியாகத் தெரியாவிட்டால் அகன்ற பொருளில் என்று எழுதிவிடலாம்’ என்பது இந்தத் தொடரைத் தெரியாமைக்கு அடையாளமாக ஆக்கிவிடும். டீச்சருடைய சக ஆசிரியர் அதற்கு ‘ஐயத்துக்குரியது’ என்று பொருள் கொண்டதற்கும் இப்படிப்பட்ட பயன்பாடுகளே காரணம் என்று நினைக்கிறேன். ஐயத்தைக் குறிக்க வேறு சொற்கள் இருக்கின்றன. கையில் உள்ள மாதிரி ஒரு சிற்றினத்தோடு பொருந்துவது போலத் தோன்றினாலும் உறுதி செய்ய முடியவில்லை என்றால், பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் இடையே ‘சி.எஃப்.’ என்று எழுதுவார்கள். ‘கொன்ஃபேர்’, அதாவது ‘ஒப்பிட்டுப் பார்’ என்ற ஏவல்வினையின் சுருக்கம் அது. நெருங்கிய உறவுடையதாயினும் அதுவன்று என்று கருதினால் ‘ஆஃப்.’ என்று எழுதுவார்கள். ‘அஃபினிஸ்’, அதாவது ‘உறவுடையது’ என்பதன் சுருக்கம். ‘சென்சு லாதோ’ இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அதை எழுதுகிறவர், ‘இந்தப் பெயருக்குள் நான்கு சிற்றினங்கள் இருப்பதை அறிவேன், அவற்றைப் பிரிக்காமல் முழுத் தொகுதியையும் சேர்த்தே இங்கு பேசுகிறேன்’ என்று அறிவிக்கிறார். தெரிந்தே செய்யும் அறிவிப்பு அது.

அப்படிச் சொல்ல வேண்டிய இடங்கள் உண்மையாகவே இருக்கின்றன. 2010-க்கு முன் பல நாடுகளின் பிடிப்பு அளவுகளைச் சேர்த்துத் தொகுத்த ஓர் அட்டவணையில் நான்கு சிற்றினங்களும் கலந்திருக்கும். அந்த நண்டுகள் என்றோ சமைத்து உண்ணப்பட்டுவிட்டன, இனி எடுத்துப் பார்க்க முடியாது. அந்த எண்களைக் கையாளும்போது ‘பெலாஜிகஸ், அகன்ற பொருளில்’ என்பதே நேர்மையான பெயர். ஆனால் தொண்டிக் கரையில் இன்று காலை இறங்கிய நண்டு டீச்சர் கையில் இருக்கிறது. அதன் ஓட்டைப் பார்க்கலாம், படம் எடுக்கலாம், தெரிந்தவரிடம் காட்டலாம். பார்க்கக்கூடிய ஒன்றைப் பார்க்காமலேயே அகன்ற பெயருக்குள் போட்டுவிட வேண்டியதில்லை.

பாம்பன் அண்ணன் கேட்ட கேள்வி மிக முக்கியமானது. பழைய தாள்கள் பொய்யாகா. அவை எழுதப்பட்ட நாளில் பெலாஜிகஸ் என்ற பெயரின் எல்லைக்குள் நம் நண்டும் இருந்தது. அந்த எல்லையை வைத்துப் படித்தால் தாள் சரியானதே. ஆனால் இனிமேல் எழுதும் தாள்களைப் பற்றி ஏற்றுமதி செய்கிறவர்களோடு பேசிக்கொள்வது நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் இயற்றிய விதி, நுகர்வோருக்கு விற்கும் மீனுக்கும் ஓட்டுடலிகளுக்கும் வணிகப் பெயரோடு அறிவியல் பெயரையும் காட்டச் சொல்கிறது. அறிவியல் பெயர் இனி ஆய்வாளர்களுக்குள் மட்டும் புழங்கும் சொல்லாக இல்லை.

எல்லாப் பழைய பெயர்ச் சிக்கலையும் அகன்ற பொருள், இறுக்கிய பொருள் என்ற இரண்டால் தீர்க்க முடியாது என்பதற்கு நம் கரையிலேயே மற்றொரு நண்டு இருக்கிறது. காரங்காட்டு அலையாத்திக் காட்டிலும் கழிமுகங்களிலும் கிடைக்கும் சேற்று நண்டைச் சொல்கிறேன். ‘ஸ்கில்லா’ என்ற அந்தப் பேரினத்தை 1998-ல் கீனன், டேவி, மான் ஆகியோர் மறுஆய்வு செய்து செர்ராட்டா, ஒலிவேசியா, டிரான்க்வெபாரிகா, பாராமாமோசைன் என நான்கு சிற்றினங்களைத் தெளிவுபடுத்தினார்கள். இவற்றில் டிரான்க்வெபாரிகா என்ற பெயர் நம் தரங்கம்பாடியிலிருந்து வந்தது. டேனிஷ்காரர்கள் அங்கு ஆட்சி செய்த காலத்தில், 1798-ல், ஃபாப்ரிசியஸ் இட்ட பெயர்.

ஊர்ப் பெயர் நம்முடையதாக இருப்பதால் அந்தச் சிற்றினம்தான் நம்மிடம் மிகுதி என்று எண்ணத் தோன்றும். ஆனால் இந்திய நூல்கள் பலவற்றில் அந்தப் பெயரால் சுட்டப்பட்ட பெரிய நண்டு உண்மையில் செர்ராட்டா. செர்ராட்டா என்று சுட்டப்பட்ட சிறிய நண்டு உண்மையில் ஒலிவேசியா. இங்கே எல்லை அகன்றதோ இறுகியதோ இல்லை. பெயர்ப் பலகை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாறி மாட்டப்பட்டுவிட்டது. இதைக் குறிக்க ‘ஆக்தோரும்’ என்ற சொல் உண்டு, ‘நூலாசிரியர்களுடைய’ என்று பொருள். ‘ஸ்கில்லா செர்ராட்டா ஆக்தோரும்’ என்று எழுதினால், ‘பெயரை இட்டவர் கருதிய நண்டை அன்று, பின்வந்த நூலாசிரியர்கள் அந்தப் பெயரால் அழைத்த நண்டைச் சொல்கிறேன்’ என்று விளங்கும். குறிப்பிட்ட ஒருவரின் பயன்பாட்டைச் சுட்ட வேண்டுமானால் ‘சென்சு’ என்று எழுதி அவர் பெயரைச் சேர்ப்பார்கள். ‘இன்னார் கொண்ட பொருளில்’ என்பது அதன் கருத்து. பெயரை முதலில் இட்டவரின் பெயரும் பின்னர் ஆண்டவரின் பெயரும் ஒன்றோடொன்று மயங்கிவிடக் கூடாது என்பதற்காக, விலங்கியல் பெயரிடல் நெறிமுறையும் பின்னவரின் பெயரை வெறும் காற்புள்ளியால் பிரிக்காமல் வேறு முறையில் தெளிவாகப் பிரித்து எழுதச் சொல்கிறது.

இவற்றைப் பிரித்து அறிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அகன்ற பொருளில் எழுதிய பழைய குறிப்பை அப்படியே பயன்படுத்தலாம், அது தொகுதி முழுவதுக்கும் பொருந்தும். பெயர் மாறிய குறிப்பையோ அப்படிப் பயன்படுத்த முடியாது; ஒரு சிற்றினத்தின் முதிர்ச்சி அளவை மற்றொன்றுக்குப் பொருத்திவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. எந்த அளவில் நண்டு முதன்முறை சினைப்படுகிறது என்பதை வைத்துத்தானே எதைப் பிடிக்கலாம், எதை மீண்டும் கடலில் விட வேண்டும் என்று முடிவு செய்கிறோம்?

கடல் அட்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2001-ல் அவற்றை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபோது தனித்தனிச் சிற்றினங்களைச் சொல்லாமல் கடல் அட்டைகள் அனைத்தையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். நாளை ஏதாவது ஓர் அட்டையை இரண்டாகப் பிரித்தாலும் அதன் பாதுகாப்பு மாறாது.


பதில் 4: முதுகுளத்தூரிலிருந்து, தாவரவியல் படித்தவர்

வணக்கம். நண்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் கீழக்கரை ஐயா சொன்ன மூலமாதிரி விதிக்கு நம் மாவட்டத்துக் கரிசலில் ஒரு சான்றும் ஒரு விலக்கும் அருகருகே நிற்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சான்று சீமைக்கருவேல். அதை ‘புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா’ என்றே படித்தோம். 2022-ல் புரோசோபிஸ் என்ற அகன்ற பேரினத்தைப் பிரித்தபோது அது ‘நெல்டுமா’ என்ற பேரினத்துக்குப் போய்விட்டது. புரோசோபிஸ் என்ற பெயர் நம் வன்னி மரத்தோடு நின்றது; அந்தப் பேரினத்தின் மூலமாதிரிச் சிற்றினம் வன்னி என்பதே காரணம். பழைய நூல்களில் உள்ள புரோசோபிஸை இனி அகன்ற பொருளில் என்று கொண்டு படிக்க வேண்டும்.

விலக்கு கருவேல். ‘அக்கேசியா’ பேரினத்தின் மூலமாதிரி முன்பு கருவேலமாகத்தான் இருந்தது. விதிப்படி பிரித்திருந்தால் பெயர் நம்மிடமே தங்கியிருக்கும். ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் பெயர் மாறியிருக்கும். அவ்வளவு பெயர்களை மாற்றுவதைத் தவிர்ப்பதற்காக, 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு மூலமாதிரியையே ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்துக்கு மாற்றியது. 2011-ல் மெல்போர்னில் அது நிலைநிறுத்தப்பட்டது. கருவேலும் குடைவேலும் ‘வாச்செல்லியா’ ஆயின. அந்த முடிவை இன்றும் என் மனம் முழுமையாக ஏற்கவில்லை. ஆனாலும் ‘அக்கேசியா, அகன்ற பொருளில்’ என்று எழுதினால் இரு நாட்டு மரங்களும் அதில் அடங்கும் என்பதால், பல கட்டுரையாளர்கள் அதையே கையாள்கிறார்கள்.


பதில் 5: கீழக்கரையிலிருந்து, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்

மண்டபத்துத் தம்பி சுட்டிக்காட்டியது சரி. என் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உயிருள்ள மாதிரி கையில் இருக்கும்போது அதைப் பார்த்துத் தீர்மானிப்பதே முறை. அகன்ற பொருள் என்பது பழைய ஏடுகளுக்கும் தொகுப்பு எண்களுக்கும் உரியது. ‘ஆக்தோரும்’ பற்றிய விளக்கம் எனக்கும் தெளிவைத் தந்தது. வகுப்பில் சேற்று நண்டைப் பற்றி நானே பல ஆண்டுகள் பழைய பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.


கேட்டவரின் மறுமொழி: தொண்டிக் கடலோர ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை மாணவர்களோடு கரைக்குச் சென்று, நண்டு வலையிலிருந்து எடுத்த நான்கு ஆண் நண்டுகளையும் மூன்று பெண் நண்டுகளையும் மேலிருந்தும் கீழிருந்தும் படம் எடுத்தோம். பிடித்த இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டோம். இரண்டு ஓடுகளை உலர்த்திப் பள்ளியில் வைத்திருக்கிறோம். மண்டபத்துத் தம்பி படங்களைப் பார்த்து, ரெட்டிகுலேட்டஸ் என்று கொள்ளலாம் என்று உறுதி செய்தார்.

பலகையில் இப்படி எழுத முடிவு செய்திருக்கிறோம்: முதல் வரியில் ‘நீலக்கால் நண்டு’, அடுத்த வரியில் ‘போர்ட்டூனஸ் ரெட்டிகுலேட்டஸ்’ என்று சாய்வெழுத்தில், அதன் பின் நேரெழுத்தில் ‘(ஹெர்ப்ஸ்ட், 1799)’, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘2010-க்கு முந்தைய நூல்களில் போர்ட்டூனஸ் பெலாஜிகஸ், அகன்ற பொருளில்’. பாம்பன் அண்ணன் சொன்னபடி ஆண், பெண் இரண்டின் படமும் இருக்கும். மூலமாதிரி என்ற சொல்லைக் கேட்ட எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, உலர்த்தி வைத்த இரண்டு ஓடுகளும் நம் பலகைக்கு மூலமாதிரியா என்று கேட்டாள். அவை பெயரைக் கட்டி வைக்கும் மாதிரி ஆகா, நாம் எந்த நண்டைப் பார்த்து இந்தப் பெயரை எழுதினோம் என்பதற்குச் சான்று மாதிரி மட்டுமே என்று சொன்னேன். ஓட்டின் உட்புறத்தில் ஊரையும் தேதியையும் அவளே மையால் எழுதி வைத்தாள். சேற்று நண்டின் பலகையை இப்போதைக்கு எழுதாமல் நிறுத்தி வைத்திருக்கிறோம்; காரங்காட்டுக்குச் சென்று நண்டைப் பார்த்த பிறகுதான் அதற்குப் பெயர் எழுதப்போகிறோம்.